திரும்பி வந்த கணவன்: ‘அவர்கள்’ திரைப்படத்தை மீண்டும் காண்கையில்

2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று மாலை, கொல்லிமலையில் நமது பங்கின் சிறு மண்டபத்தில் ஒரு திரைப்படம் காட்டினோம். தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளின் படத்தைக் காட்டுவதே வழக்கம். அதற்கு மாறாக, 1977இல் வெளிவந்த ‘அவர்கள்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தெரிந்துகொண்டது பங்குப் பேரவையினர் சிலருக்கு உவப்பாக இல்லை. மணமுறிவு பெற்ற பெண்ணின் கதையைக் கோயில் வளாகத்தில் காட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. அன்று காலைத் திருப்பலியில் ஊதாரி மைந்தன் உவமை வாசிக்கப்பட்டிருந்தது. திரும்பி வருகிறவனைப் பற்றிய நற்செய்தியைக் கேட்ட அதே நாளில், திரும்பி வருகிற வேறொருவனின் கதையையும் நம் மக்கள் காணட்டும் என்று நினைத்தோம். அவருக்கு நாம் சொன்ன விடை அவ்வளவே.

படத்தை இயக்கியவர் கே. பாலசந்தர். ‘அரங்கேற்றம்’ (1973), ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974), ‘அபூர்வ ராகங்கள்’ (1975) ஆகியவற்றால் நடுத்தர வீடுகளின் மூடிய கதவுகளைத் தட்டிப் பழகியவர். நாடக மேடையிலிருந்து வந்தவராதலால் அவருடைய மாந்தர் பேசிக்கொண்டே இருப்பர். பேச்சு ஓயும் இடத்தில் ஏதேனும் ஒரு பொருள் குறியீடாக வந்து நிற்கும். அந்தப் பழக்கங்கள் இப்படத்திலும் உண்டு. எம்.எஸ். விசுவநாதனின் இசையும் கண்ணதாசனின் பாடல்களும் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. அவற்றைப் பற்றி எழுத நம்மைவிடத் தகுதியுள்ளோர் பலர் உளர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அனுவின் கதையை மட்டுமே.

அனுவாக நடித்தவர் சுஜாதா. பரணி என்னும் இசைக் கலைஞனை விரும்பிய அவள், சூழ்நிலையின் நெருக்கத்தால் இராமநாதனுக்கு மனைவியாகிறாள். இராமநாதனாக ரஜினிகாந்த். அவனுடைய கொடுமை தாளாமல், கைக்குழந்தையுடன் சட்டப்படி விலகிச் சென்னைக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் வேலை தேடிக்கொள்கிறாள். அங்கே உடன் பணியாற்றும் ஜானி (கமல்ஹாசன்) கையில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் அதனைப் பேசவைக்கும் வித்தை தெரிந்தவன். சொல்லாத அன்பை நெஞ்சில் சுமப்பவன். பழைய பரணியும் (ரவிகுமார்) எதிர்ப்படுகிறான். வாழ்வு மீண்டும் துளிர்க்கும் என்று தோன்றும் வேளையில், திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இராமநாதன் வந்து நிற்கிறான்.

இராமநாதனின் கொடுமையைப் பாலசந்தர் காட்டியுள்ள விதம் நுட்பமானது. நம் படங்களில் கொடிய கணவன் என்றால் குடிப்பான், பெல்ட்டைக் கழற்றுவான், மனைவி மூலையில் சுருண்டு கிடப்பாள். அத்தகைய காட்சிகளுக்கு நாம் கண்ணீர் விடுவோம். நம் வீட்டில் அப்படி இல்லையே என்று ஆறுதலும் கொள்வோம். இராமநாதன் நன்றாக உடுத்துகிறவன், நன்றாகப் பேசுகிறவன். அவனுடைய ஆயுதம் சொல்லும் புன்னகையுமே. மனைவியின் பழைய அன்பை அறிந்துகொண்டு, அந்தப் புண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கிறான். அவள் துடிப்பதைக் காண்பதில் அவனுக்கு ஒரு சுவை இருக்கிறது. ஊருக்கு அவன் மேல் சொல்லக் குற்றம் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியேறினால், ‘அடித்தானா?’ என்றுதான் முதலில் கேட்போம். இல்லை என்றால், ‘பிறகென்ன?’ என்போம். பங்குத்தந்தையர் நாமும் அப்படிக் கேட்டவர்களே.

படம் வெளிவருவதற்குச் சற்று முன்னர்தான், 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால், இந்துத் திருமணச் சட்டத்தில் கொடுமை என்பதே மணமுறிவுக்குப் போதிய காரணமாயிற்று. நம் கிறிஸ்தவப் பெண்களின் நிலை வேறு. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டத்தின்படி, கணவன் மனைவியின் பிறர்மனைத் தவற்றை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ பொதுவாகக் கணவனின் பிறர்மனைத் தவற்றோடு கொடுமையையோ, ஈராண்டுக் கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை மட்டும் என்றால் நீதிமன்றம் பிரிந்து வாழவே வழி சொல்லும். இந்த ஏற்றத்தாழ்வு 2001இல்தான் நீக்கப்பட்டது. அனு கிறிஸ்தவப் பெண்ணாக இருந்திருந்தால் கதை தொடங்கியே இராது. சட்டம் வகுத்தவர்கள் வெள்ளையர்கள்தாம். ஆனால் நூற்று முப்பது ஆண்டுகள் அதனோடு பெரும்பாலும் மனச்சங்கடமின்றி வாழ்ந்தவர்கள் நாம்.

இனி, படத்தின் நடுநாடிக்கு வருவோம். இராமநாதன் திரும்பி வருகிறான், வருந்துகிறான், பணிகிறான். அனுவின் மனம் இளகுகிறது. அவளைச் சுற்றியுள்ள உலகமும் அவள் இளக வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது. குழந்தைக்குத் தகப்பன் வேண்டும், பெண்ணுக்குத் துணை வேண்டும், வந்தவனை விரட்டலாமா? பார்க்கின்ற நாமும் அப்படியே நினைக்கிறோம். பாலசந்தரின் திறமை இங்கேதான் இருக்கிறது. முதற்பாதியில் இராமநாதனை வெறுத்த நம்மையே பிற்பாதியில் அவனுக்காகப் பரிந்து பேசும் நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறார். பிறகு வேடம் கலைகிறது. கலையும்போது அனுவுக்கென்று திறந்திருந்த வாசல்களையும் அவன் அடைத்துவிட்டிருக்கிறான். அவனுடைய மனமாற்றம் அதே பழைய கொடுமையின் புதிய வடிவம்; முன்பு ஏளனத்தால் செய்ததை இப்போது கண்ணீரால் செய்திருக்கிறான்.

காலையில் வாசிக்கக் கேட்ட உவமையை நினைத்துப் பார்த்தோம். இளைய மைந்தன் தந்தையிடம் திரும்புகையில், மகன் என்னும் தகுதியைக் கோரி வரவில்லை. கூலியாளாக வைத்துக்கொண்டால் போதும் என்று எண்ணி வருகிறான். மகனுக்குரிய மோதிரமும் காலணியும் தந்தை தாமாகக் கொடுப்பவை. இராமநாதன் கணவனாகவே, உரிமைக்காரனாகவே வருகிறான். இழந்த இடத்தைக் கேட்டு வருகிறவனுக்கும், இடத்தை இழந்தேன் என்று ஒப்புக்கொண்டு வருகிறவனுக்கும் உள்ள தொலைவை இப்படம் காட்டுவதுபோல் நம் மறையுரைகள் காட்டியதில்லை. மேலும் ஒன்று: உவமையில் மைந்தனால் இழப்புற்ற தந்தை, வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமையாளர், மன்னிப்பதால் அவர் உயிருக்குத் தீங்கில்லை. அனு மன்னித்தால் அதே கூரையின் கீழ், அதே கைக்குள் போக வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மனத்துயரும் பாவ அறிக்கையும் மட்டும் போதா, பரிகாரமும் வேண்டும் என்று முதல் நன்மை வாங்கும் சிறுவர்க்கு நாம் கற்பிக்கிறோம். கணவன்மார் அழுதுகொண்டு வரும்போது மட்டும் ஏனோ அதனை மறந்துவிடுகிறோம்.

மறந்தவர்களில் நாமும் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் வேறொரு பங்கில் இருந்த காலம். ஓர் இரவு பத்து மணிக்குமேல் ஒரு பெண் குழந்தையோடு வந்து பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினாள். அன்றிரவு கன்னியர் இல்லத்தில் தங்கவைத்தோம். மூன்றாம் நாள் கணவன் வந்தான். உடன் அவள் தாயும் ஊர்ப் பெரியவர் இருவரும். நம் எதிரே முழந்தாளிட்டு அழுதான். விவிலியத்தின் மேல் கைவைத்தான். கிறிஸ்து மன்னிக்கவில்லையா என்று நாம் அந்தப் பெண்ணைக் கேட்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். இரு குடும்பத்தை ஒட்டவைத்தோம் என்ற நிறைவோடு அன்று மாலை செபமாலை சொன்னது நினைவிருக்கிறது. ஓராண்டுக்குள் அவள் மீண்டும் வீட்டைவிட்டு வெளியேறினாள் என்று பின்னர் கேள்விப்பட்டோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை அவள் நம் கதவைத் தட்டவில்லை.

திருச்சபையின் சட்டம் அறியாமல் நாம் அப்படிச் செய்யவில்லை, அறிந்திருந்தும் செய்தோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் எண், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ கடும் ஆபத்து விளைவிப்பவரை, அல்லது இணைந்த வாழ்வை மிகக் கடினமாக்குபவரை விட்டு மற்றவர் விலகி வாழலாம் என்கிறது. மறைமாவட்ட ஆயரின் ஆணை பெற்று விலக வேண்டும். தாமதம் ஆபத்தானால் தாமாகவே விலகலாம். திருமணப் பிணைப்பு அறுவதில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்னும் கடமை இல்லை. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் ஊக்கவுரையில் இன்னும் ஒரு படி சென்று, வன்முறையும் தொடர்ந்த இழிவும் உள்ள இடத்தில் விலகுவது சில வேளைகளில் அறநெறிப்படி அவசியமே ஆகிறது என்று எழுதினார். இவை நம்மவருக்குப் போதிய அளவு சொல்லப்படவில்லை. மணமக்கள் தயாரிப்பு வகுப்புகளில் இந்த 1153ஆம் எண்ணைப் பற்றிக் கேட்டவர் எத்தனை பேர்?

அந்தச் சட்ட எண்ணுக்கு இரண்டாம் பகுதி ஒன்றும் உண்டு. பிரிவுக்கான காரணம் நீங்கியதும், திருச்சபை அதிகாரம் வேறு விதமாக முடிவு செய்தாலன்றி, இணைந்த வாழ்வு மீண்டும் தொடங்கப்பட வேண்டும். சரியே. காரணம் நீங்கிவிட்டது என்பதை யார் அறிவார்? ‘அவர்கள்’ முழுவதும் எழுப்பும் கேள்வி இது ஒன்றே. இராமநாதனின் கண்ணீரைக் கண்டவர் எவரும் காரணம் நீங்கிற்று என்றே சொல்வர். தவற்றை அனுபவித்தவள் ஒருத்திக்குத்தான் அதனைச் சோதித்தறியும் உரிமையும் அதற்கான காலமும் உண்டு. அவளும் ஏமாறக்கூடும் என்பதையும் படம் மறைக்கவில்லை.

நம் மறையுரைகளில் பொறுமையுள்ள மனைவிக்கு எடுத்துக்காட்டு புனித மோனிக்கா. அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் ஒன்பதாம் பகுதியில், அன்னையைப் பற்றி உருக்கமாக எழுதுகிறார். ஊரில் பல மனைவியரின் முகத்தில் அடித்த தழும்புகள் இருந்தன; அவர்கள் தம் கணவரைக் குறைகூறும்போது மோனிக்கா, திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலேயே நாம் அடிமைகளானோம் என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்னும் கருத்தில் அறிவுரை கூறுவாராம். இதை நாமும் பல முறை எடுத்தாண்டிருக்கிறோம். அதே பக்கத்தில் அகுஸ்தினார் சொல்லும் மற்றொன்றை நாம் சொல்வதில்லை: மோனிக்காவின் கணவர் பத்ரீசியுஸ் கடுஞ்சினமுள்ளவராயினும் மனைவியை அடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அடிபடாத ஒரு பெண் கண்ட வழியை, அடிபடும் பெண்கள் எல்லோருக்கும் மருந்தாகக் கொடுத்துவந்தோம். இதனால் அந்தப் புனிதையின் பெருமை குறையாது. நம் மருத்துவம்தான் குறையுடையது. பபியோலா என்னும் உரோமைப் பெண்மணியைப் புனித ஜெரோம் புகழ்ந்து எழுதிய மடலையும் உடன் வைத்துப் படிக்கலாம். இழிந்த நடத்தையுள்ள கணவனை விட்டு விலகியவர் அவர். மறுமணம் செய்ததையே ஜெரோம் தவறென்கிறார், விலகியதை அல்ல. பபியோலா பின்னர் உரோமையில் நோயாளருக்கு இல்லம் அமைத்தார். அவர் பெயரை நம் பீடங்களிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை.

படத்தின் இறுதிக்கு வருவோம். இராமநாதனின் தாயாகக் கன்னட நடிகை லீலாவதி நடித்திருக்கிறார். மகன் செய்த கேட்டுக்குத் தன்னாலான ஈடாக, மருமகளின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரியாகத் தங்குகிறாள் அந்த முதியவள். எல்லாம் முடிந்து அனு ஊரைவிட்டு ரயிலேறும்போது, பரணியும் ஜானியும் அல்ல, அந்த மாமியாரே அவளோடு பயணம் போகிறாள். ரூத்து நூலை அறிந்த எவருக்கும் இக்காட்சி மெய்சிலிர்க்கவைக்கும். அங்கே மருமகள் தன் நாட்டை விட்டு மாமியாரைப் பின்தொடர்கிறாள். இங்கே மாமியார் தன் மகனை விட்டு மருமகளைப் பின்தொடர்கிறாள். ரூத்து துறந்தது மண்ணை. இவள் துறப்பது தான் பெற்ற பிள்ளையை. பரிகாரம் என்னும் சொல்லுக்குப் படத்தில் பொருள் தருபவள் இவள் ஒருத்தியே. அதுவும் தான் செய்யாத குற்றத்துக்காக.

குறைகளும் உண்டு. ஜானியின் பொம்மைக்கு இயக்குநர் அளவுக்கு மீறி இடம் கொடுத்திருக்கிறார். சிறுவர் சிரித்தனர், நமக்குச் சலித்தது. வாய்திறந்து சொல்லமுடியாத ஆண்மகனுக்கு ஒரு பொம்மை வாயாக இருப்பது நல்ல கற்பனை. அதையே மீண்டும் மீண்டும் காட்டும்போது கற்பனை வித்தையாகிவிடுகிறது. இராமநாதன் திரையில் தோன்றியதும் நம் மண்டபத்தின் பின்வரிசையில் இளைஞர்கள் கைதட்டினர். பின்னாளில் உச்ச நட்சத்திரமான நடிகருக்கான கைதட்டல் அது என்றாலும், துன்புறுத்துகிறவனின் நடையும் சிரிப்பும் கவர்ச்சியாகிப்போவதை இயக்குநர் தடுத்திருக்கலாம். தலைப்பும் நமக்கு இடறுகிறது. கதை முழுவதும் அவளுடையது. பெயர் மட்டும் ‘அவர்கள்’. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு செய்தவன் ஊரில் இருக்க, தவறு செய்யாதவள் ஊரை விட்டுப் போகிறாள். 1977இல் வேறு முடிவு காண்பது கடினமாக இருந்திருக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், அவள் வாழும் வீட்டிலேயே வாழும் உரிமையும் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். அதைக் கேட்கத் துணைநிற்பவர் வேண்டும் என்பது வேறு செய்தி.

சுஜாதாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2011இல் மறைந்த அந்நடிகை இப்படத்தில் அழுகையைப் பெரிதும் அடக்கியே நடித்திருக்கிறார். பேச வந்து பேசாமல் விடும் ஒரு பார்வை அவருக்கு உண்டு. நம் கதவைத் தட்டிய பெண்ணிடம் அதே பார்வையைக் கண்டோம். அப்போது அதனைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நாம் வாழும் மலைக்கும் ஒரு பெண்ணுருவம் உண்டு. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் எழில் குன்றாத கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர் பாடினர். எதையும் தாங்கி அழகு கெடாமல் நிற்கும் பெண் என்பது நம் இலக்கியத்துக்கு மிகப் பிடித்த கற்பனை. பாவைக்கு உயிரில்லை என்பது புலவர்க்குத் தெரியும். நாம்தான் வீட்டுப் பெண்களிடமும் அதையே எதிர்பார்க்கிறோம். இம்மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரின் வழக்கமோ வேறாக இருந்தது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில் அதைப் பற்றிய குறிப்பு உண்டு: கொல்லிமலையில் மனைவி தன் கணவனை விட்டுத் தன் இனத்துக்குள்ளேயே வேறொருவனோடு வாழப் போகலாம், ஆனால் அவ்வாழ்விலே பிறக்கும் பிள்ளைகளும் இறுதியில் முதற் கணவனையே சேர்வர். வாசல் திறந்திருந்தது, பிள்ளைகளுக்கு மட்டும் அது திறக்கவில்லை. திருமணத்தின் முறிவுபடாத தன்மையைப் போதிக்கும் நமக்கு அவ்வழக்கம் ஏற்புடையதன்று. எனினும், கதவே இல்லாத வீட்டை நாம் கட்டியிருந்தால், அந்த மலைமக்களை நோக்கிக் குறைசொல்லும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

படம் முடிந்தபின், பேச விரும்புவோர் பேசலாம் என்று சொன்னோம். ஆண்கள் சிலர் பேசினர். பரணி கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றார் ஒருவர். ஜானியை அவள் மணந்திருக்கலாம் என்றார் இன்னொருவர். பெண்கள் பக்கம் அமைதியாக இருந்தது. நாற்காலிகளை மடக்கத் தொடங்கிய பிறகு, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து நம்மிடம் வந்தார். மூக்குத்தியும் வெள்ளைச் சேலையுமாக, கைக்கம்பு ஊன்றி நின்றார். ‘அந்த மாமியாக்காரி எந்த ஊரு சாமி?’ என்று கேட்டார். அது கதைதானே பாட்டி, நிஜத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்றோம். அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்தார். ‘இருப்பா சாமி, நல்லா விசாரிச்சுப் பாருங்க’ என்று சொல்லிவிட்டு, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனார்.